சூப்பர்நோவாவின் நிறமும் தூசின் மறைப்பும்: எஸ்.என். 2014ஜே தரும் சான்று

தொலைவிலுள்ள அண்டங்களின் தூரத்தை அளக்க வானியலாளர்கள் பெரிதும் நம்புவது 1ஏ வகைச் சூப்பர்நோவாக்களை. வெள்ளைக் குள்ள விண்மீன் வெடித்துச் சிதறும் இந்நிகழ்வின் உச்சப் பொலிவு ஏறத்தாழ ஒரே அளவில் அமைகிறது. மெதுவாக மங்குபவை கூடுதல் பொலிவுடையவை என்று மார்க் பிலிப்ஸ் 1993இல் காட்டியபின், எஞ்சிய வேறுபாட்டையும் பெருமளவு திருத்த முடிந்தது. தீராத சிக்கல் நிறம். வெடிப்பு சிவந்து தெரிந்தால் அது அதன் இயல்பா, இடைவழித் தூசின் விளைவா? இரண்டையும் ஒரே எண்ணால் திருத்துவது தொலைவைப் பிழையாக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தூசு நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பொளியைக் குறைவாகவும் தடுக்கிறது. நம் பால்வழித் தூசில், நிறம் ஒரு பொலிவெண் (பொலிவை அளக்கும் அலகு) சிவந்தால் காட்சி ஒளி சராசரியாக 3.1 பொலிவெண் மங்கும். துகள்கள் சிறியவையாக இருந்தால் இந்த விகிதம் குறையும். எனவே 3.1 எல்லா அண்டங்களுக்கும் பொருந்தும் மாறிலி அன்று.

2014 ஜனவரி 21 அன்று எம் 82 அண்டத்தில், சுமார் 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில், எஸ்.என். 2014ஜே கண்டறியப்பட்டது. லடாக்கின் ஹான்லேயிலுள்ள 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கி அதைத் தொடர்ந்து கண்காணித்தது. தூசைப் போலவே பூமியின் காற்றும் ஒளியை மங்கச் செய்யும், அது பார்க்கும் இடத்தைப் பொறுத்தது. காட்டாக, புதுக்கோட்டை மாவட்டத்தின் கறம்பக்குடியில் எம் 82 வடவானில் ஏறக்குறைய 31 பாகைக்கு மேல் ஏறாது. தலைக்கு மேலுள்ள விண்மீனைவிட இருமடங்கு காற்றைக் கடந்தே அதன் ஒளி நம்மை வந்தடையும். ஹான்லேயிலோ அது 53 பாகை வரை உயர்கிறது, காற்றும் மெல்லியது. எங்கிருந்து பார்த்தாலும் அருகிலுள்ள ஒப்பீட்டு விண்மீன்களைக் கொண்டு காற்றின் பங்கை முதலில் கழித்துவிடலாம். பிறகு எஞ்சுவது வெடிப்பின் இயல்பு நிறமும் விண்வெளித் தூசின் பங்கும்.

அந்தத் தூசு இந்த வெடிப்பை ஏறத்தாழ 1.3 பொலிவெண் சிவக்கச் செய்தது. பல அளவீடுகள் தந்த விகிதமோ 1.5ஐ ஒட்டியது, அதன்படி மங்கல் சுமார் 2 பொலிவெண். பழக்கத்தால் 3.1ஐ எடுத்திருந்தால் மங்கல் 4 ஆகியிருக்கும். எம் 82 சுமார் 46 லட்சம் ஒளியாண்டில் இருப்பதாகக் கணக்கு வந்திருக்கும். ஓர் எண்ணின் தேர்வு தொலைவை 2.6 மடங்கு சுருக்கிவிடுகிறது.

சிவப்பு முழுவதும் தூசுதான் என்று முடிவுகட்டுவதும் தவறு. 1991பிஜி வகை மங்கலான வெடிப்புகள் வெப்பநிலை குறைந்ததால் இயல்பாகவே சிவந்தவை. சிலிக்கானை நொடிக்கு 11,800 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் வீசும் வெடிப்புகள் சராசரியில் சற்றுச் சிவந்திருப்பதை 2009இல் சியாஃபெங் வாங் குழு காட்டியது. அந்தச் சிவப்பு வெடிப்பின் இயல்பே என்று 2011இல் ஃபோலியும் கேசனும் வாதிட்டனர்.

இரண்டையும் பிரிக்க வழி உண்டு. அகச்சிவப்பொளியைத் தூசு மிகக் குறைவாகவே தடுக்கிறது. ஆகவே புறஊதா முதல் அகச்சிவப்பு வரை ஒரே வெடிப்பை அளந்தால் விகிதத்தை அனுமானிக்க வேண்டியதில்லை. தரவே அதைச் சொல்லும். நிறமாலையின் சோடியம் கோடுகளும் ஒளியின் முனைவாக்கமும் தூசு உண்டா என்பதற்குத் தனிச் சாட்சிகள். ஹான்லே தொலைநோக்கியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அகச்சிவப்புக் கருவி இருக்கிறது. உச்சத்தை எட்டுமுன்பே அதை ஒவ்வொரு அருகாமை வெடிப்பின் பக்கமும் திருப்பி, இயல்பு நிறம், தூசு அளவு, தூசு விகிதம் ஆகிய மூன்றையும் தனித்தனியே வெளியிட வேண்டும். பிரபஞ்ச விரிவை அளக்கும் கணக்குக்கு அதுவே நேர்மையான அடித்தளம்.