பதிவேட்டில் ஏறாத பதக்கங்கள்

தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்த நடுகற்களுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோள் பூசலில் பட்ட அந்தவன் என்பானுக்கு எடுக்கப்பட்டதாகும். தமிழி எழுத்தில் அமைந்த அக்கல்வெட்டு மிகச் சிறியது. ஆயினும், வீரனின் பெயர், நிகழ்ச்சி, அது நிகழ்ந்த ஊர் ஆகிய மூன்றும் அதன்கண் உள்ளன. பிற்காலத்துச் செங்கம் நடுகற்களோ மன்னனின் ஆட்சியாண்டையும், வீரன் யாருடைய சேவகன் என்பதையும் உடன் சேர்த்துச் சொல்லும். இன்று ஒரு நாட்டின் படைத்துறை தன் வீரனுக்கென வைத்திருக்கும் பணிப்பதிவேட்டில் காணப்படுவனவும் ஏறத்தாழ இவையே. பெயர், படைப்பிரிவு, தலைவன், களம், நாள், பெற்ற விருது என்னும் இவற்றைக் கல்லுக்குப் பதிலாகத் தாளில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதே வேறுபாடு.

தாளில் எழுதுவோர் பிழை செய்வதுண்டு. வீரன் போரில் ஈட்டிய பதக்கம் அவன் ஏட்டில் ஏறாது விடுபட்டுப் போதலும் உண்டு. அவ்வாறு நேர்ந்தால் அதனைத் திருத்தவும் வழி வேண்டுமன்றோ? அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1946ஆம் ஆண்டுச் சட்டமொன்றன் வழியே இதற்கெனவே வாரியங்கள் ஏற்பட்டன. பணி நிறைவுச் சான்றிதழில் விருது விடுபட்டிருப்பின், பழைய சான்றிதழைக் கிழித்தெறிவதில்லை. திருத்தத்தைக் கூறும் வேறொரு தாளை அதனுடன் இணைத்து விடுகின்றனர். 1973ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் மிசூரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகர் ஆவணக் காப்பகத்தில் தீப்பற்றி, 160 இலட்சத்திற்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகள் சாம்பலாயின. கோப்பு எரிந்தமையால் வீரனின் பணியும் எரிந்தது என்று எவரும் கூறிவிடவில்லை. சம்பளப் பட்டியல், படைப்பிரிவின் நாளாந்த அறிக்கை முதலிய துணைச் சான்றுகளைக் கொண்டு அவ்வேடுகளை மீண்டும் கட்டி எழுப்பும் பணி இன்றளவும் நடைபெற்று வருகிறது. இந்த நோக்கு நமக்குப் பின்னர்ப் பயன்படும் என்பதனாலேயே அயல்நாட்டுச் செய்தியை ஈண்டு முற்படக் கூறினோம்.

இனி, நம் நாட்டுக்கு வருவோம்.

கிள்ளான் நகருக்கும் துறைமுகத்துக்கும் இடைப்பட்டுக் கிடக்கும் பண்டமாரானையும் அதனைச் சூழ்ந்திருந்த தோட்டப்புறங்களையும் அறிந்தோர்க்கு, நேதாஜியின் படம் தெய்வப் படங்களோடு ஒருங்கே மாட்டப்பட்டிருந்த வீடுகள் புதியன அல்ல. அவ்வீட்டு முதியவர் 'ஐ.என்.ஏ.யில் இருந்தவர்' என்று ஊரார் கூறுவர். எந்தப் படைப்பிரிவு, எந்தப் பதவி, எந்தக் களம், என்ன விருது என வினவினால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. அவருடைய பெயரன் பெயர்த்தியர் அறியார். எந்த அரசின் அலுவலகமும் அறியாது. அமெரிக்க வீரனுக்குத் திருத்தம் தேவைப்பட்டது. நம்மவர்க்கோ திருத்துவதற்கும் ஒரு பதிவேடு இல்லை.

இஃது எவ்வாறு நேர்ந்தது? கிள்ளான் வட்டாரத் தமிழர் படைக்குச் செல்வதற்கு முன்னரே போராட்டத்தை அறிந்தவர்கள். 1941ஆம் ஆண்டு ஆர். எச். நாதன் முதலியோர் வழிநடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வேலைநிறுத்தம் ஊதிய உயர்வுக்காக மட்டும் எழுந்ததன்று. துரைமாரைக் கண்டால் மிதிவண்டியினின்றும் இறங்கி நிற்க வேண்டும் என்னும் இழிவு ஒழிய வேண்டும், தோட்டத்துக் கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும் என்பனவும் அவர்தம் கோரிக்கைகளாக இருந்தன. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். இரண்டே ஆண்டுகளில், 1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்த சுபாஷ் சந்திர போஸ் படைக்கு ஆள் வேண்டுமென அழைத்தபோது, பால்மரக் காட்டிலிருந்து சென்றவர்கள் இத்தகைய நினைவுகளோடுதான் சென்றனர்.

வேறு காரணங்களும் இருந்தன. அவற்றை மறைத்தல் வரலாற்றுக்கு நேர்மை ஆகாது. சயாம்-பர்மா இரயில் பாதைக்கென மலாயாவிலிருந்து ஜப்பானியர் கொண்டு சென்ற தொழிலாளர் 70,000க்கு மேற்பட்டோர். அவருள் பெரும்பாலார் தமிழர். அங்கே சென்று மடிவதினும் படையிற் சேர்தல் மேல் என்று கருதிச் சேர்ந்தவரும் உளர். அரிசிப் பஞ்சத்தால் சேர்ந்தவரும் உளர். இதனைச் சுட்டி, 'இவர்கள் விடுதலை வீரர்களா?' என வினவுவோர்க்கு ஒன்று கூறலாம். எந்த நாட்டுப் பணிப்பதிவேட்டிலும் வீரன் என்ன எண்ணத்தோடு சேர்ந்தான் என்பதற்குக் கட்டம் கிடையாது. என்ன செய்தான் என்பதற்கே உண்டு.

1943 அக்டோபர் 21ஆம் நாள் சிங்கப்பூர்க் கேத்தே அரங்கில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. மறுநாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பெற்றது. மலாயாவில் வாழ்ந்த குடிமக்களிலிருந்து ஏறத்தாழ 18,000 பேர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர் என மதிப்பிடுவர். அவருள்ளும் தமிழரே மிகுதி. அவ்வரசு தனக்கெனப் படைச்சட்டம் வகுத்துக்கொண்டது போலவே, தனக்கென வீர விருதுகளையும் ஏற்படுத்திக்கொண்டது. சேர்-இ-ஹிந்த், சர்தார்-இ-ஜங், வீர்-இ-ஹிந்த், தம்கா-இ-பகாதுரி, தம்கா-இ-சத்ருநாஷ், சனத்-இ-பகாதுரி என்பன அவற்றுட் சில. தம்கா என்பது பதக்கம். சனத் என்பது சான்றிதழ். 1944 ஏப்ரல் 14ஆம் நாள் மணிப்பூர் மொய்ராங்கில் மூவண்ணக் கொடியேற்றிய ஷௌகத் அலி மாலிக் சர்தார்-இ-ஜங் விருது பெற்றமை வரலாற்று நூல்களில் இடம்பெற்றுள்ளது. அதிகாரிகளின் விருதுகள் இவ்வாறு நூலில் ஏறின. அவருக்குக் கீழே சிப்பாயாகவும் நாயக்காகவும் நின்ற தோட்டத்துத் தமிழனின் விருது எங்கே ஏறும்?

படை தோற்றுப் பின்வாங்கியபோது ஏடுகள் அழிந்தன. 1945 ஏப்ரலில் போஸ் இரங்கூனை விட்டு நீங்கியபின், எஞ்சிய வீரர்களோடு நகரின் அமைதியைக் காக்கும் பொறுப்பை ஏற்று அங்கேயே தங்கியவர் மேஜர் ஜெனரல் ஏ. டி. லோகநாதன் என்னும் தமிழர். திரும்பி வந்த பிரிட்டிஷாரிடம் அவரும் அவருடைய வீரரும் சிறைப்பட்டனர். சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலையில் போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னம், அவ்வாண்டு செப்டம்பரிலேயே தகர்க்கப்பட்டது. அவ்விடத்தில் அடையாளப் பலகை ஒன்று எழுவதற்கு 1995ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கல்லையே விட்டுவைக்காதவர்கள் காலத்தில் காகிதத்தை எவர் துணிந்து வைத்திருப்பர்? சீருடையைப் புதைத்தோம், படங்களை எரித்தோம் என்று முதியோர் கூறியதில் வியப்பில்லை.

இதில் ஒரு முரணும் உண்டு. இன்று எஞ்சியுள்ள எழுத்துச் சான்றுகளில் பெரும்பங்கு, சிறைப்பட்டவர்களை விசாரித்த பிரிட்டிஷ் உளவுத்துறையார் எழுதி வைத்தவை. வெள்ளை, சாம்பல், கறுப்பு என மூன்று நிறப் பெயரிட்டு வீரர்களை அவர்கள் வகைப்படுத்தினர். விசுவாசம் மாறாதவன் வெள்ளை. உறுதியாக எதிர்த்து நின்றவன் கறுப்பு. பகைவன் இட்ட கறுப்பு முத்திரையே ஒருவனுடைய பணிக்கு இன்று நற்சான்றாக நிற்கிறது!

செங்கோட்டை வழக்கை நம் மாணவர் பாடநூல் வழி அறிவர். 1945 நவம்பர் 5ஆம் நாள் தொடங்கிய அவ்வழக்கில் ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சாகல், குருபக்ஷ் சிங் தில்லான் ஆகியோர்க்காக வாதிட்ட பூலாபாய் தேசாய், இந்திய தேசிய இராணுவம் முறையான சட்டமும் அரசும் உடைய படை என்பதையே தம் வாதத்தின் அடிப்படையாக வைத்தார். 1946 ஜனவரி 3ஆம் நாள் தலைமைத் தளபதி ஆக்கின்லெக், ஆயுட்கால நாடுகடத்தல் தண்டனையை நீக்கினார். அதுவரைதான் மேடைகளில் பேசப்படுகிறது. பதவி நீக்கமும் ஊதியப் பறிமுதலும் அப்படியே நிலைநின்றன என்பதைப் பலர் கூறுவதில்லை. விடுதலை பெற்ற இந்தியாவும் அவ்வீரர்களைப் படையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. இந்தியப் பாதுகாப்பு அமைச்சே எழுதுவித்த அப்படையின் வரலாறு பல்லாண்டுகள் அச்சேறாமல் கிடந்தது.

விடுதலையின் வெள்ளி விழா ஆண்டாகிய 1972இல்தான் இந்திய நடுவண் அரசு தியாகிகளுக்கான ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1980இல் அது விரிவாக்கப்பட்டு, சுதந்திர சைனிக் சம்மான் என்னும் பெயர் பெற்றது. மலாயா குடியுரிமைச் சிக்கலால் 1960களின் இறுதியில் கப்பலேறிச் சிவகங்கைக்கும் இராமநாதபுரத்துக்கும் திரும்பிய தோட்டத் தொழிலாளருள், இதற்கு விண்ணப்பிக்கத் தக்க பழைய வீரர்களும் இருந்தனர். திட்டம் சிறைச்சான்று கேட்டது. குறைந்தது ஆறு மாதச் சிறை; பெண்டிர்க்கு மூன்று மாதம். சான்று இல்லையேல் உடன் சிறையிருந்தோர் எழுதித்தர வேண்டும். உடனிருந்தவன் சுங்கை சிப்புட்டிலோ காப்பாரிலோ பால் வெட்டிக்கொண்டிருக்கையில், சிவகங்கைக்காரன் அவனை எங்ஙனம் தேடுவான்?

இவ்விடர்ப்பாட்டை இந்திய உச்ச நீதிமன்றம் ஓரளவு உணர்ந்தது. முகுந்த் லால் பண்டாரி வழக்கில், 1993இல், காலந்தாழ்த்தி விண்ணப்பித்தார் என்பதைக் காட்டி ஓய்வூதியம் மறுக்கலாகாது எனக் கூறிற்று. குர்தியால் சிங் வழக்கில், 2001இல், குற்ற வழக்கில் கேட்பது போன்ற ஐயந்திரிபற்ற சான்றைத் தியாகியிடம் கேட்டல் தகாது, நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதற்கான ஏதுக்களே போதும் என்றது. செயின்ட் லூயிஸ் தீயின்பின் அமெரிக்கர் கைக்கொண்ட நோக்கும் ஏறத்தாழ இதுவே. ஏடு அழிந்ததற்கு ஏட்டின் சொந்தக்காரனைத் தண்டிக்கலாகாது என்பது அதன் பொருள்.

சான்று தேடப் புகுவோர் முதலில் முட்டிக்கொள்வது பெயரில்தான். இது தமிழாசிரியர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டிய இடம். இந்திய தேசிய இராணுவத்தின் அலுவல் மொழி உரோமன் எழுத்தில் எழுதப்பட்ட இந்துஸ்தானி. நம்மவர்க்கோ குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. முனியாண்டி, இராமசாமி, மாரியாயி என்னும் பெயர்கள் தோட்டந்தோறும் பத்து இருக்கும். வடநாட்டு எழுத்தர் ஒருவர் தம் செவிக்கு எட்டியவாறு உரோமன் எழுத்தில் எழுதிய இராமசாமி, மலேசிய அடையாள அட்டையில் வேறோர் எழுத்துக்கூட்டலோடு தந்தை பெயரும் சேர்ந்து நிற்கிறார். இருவரும் ஒருவரே என்று அலுவலகம் எப்படி நம்பும்?

பெண்டிர் நிலை இதனினும் கடிது. ஜான்சி ராணிப் படையின் தலைவி லட்சுமி சுவாமிநாதன், 1947இல் பிரேம் குமார் சாகலை மணந்து லட்சுமி சாகல் ஆனார். 1998இல் பத்ம விபூஷண் விருது அப்பெயருக்கே வந்தது. ஈப்போவிலிருந்து சென்ற ராசம்மா நவரத்தினத்தை நாடு பின்னர்க் கல்வியாளராகவும் மகளிர் உரிமைப் போராளியாகவும் அறிந்தது ராசம்மா பூபாலன் என்னும் பெயரால். கோலாலம்பூர்ச் செல்வக் குடும்பத்தில் பிறந்து, தம் காதணிகளைக் கழற்றித் தந்து படையில் சேர்ந்தவராகப் போற்றப்படும் கேப்டன் ஜானகி தேவர், மலேசிய மேலவை உறுப்பினராகவும் விளங்கி, 2000ஆம் ஆண்டு பத்மஸ்ரீ பெற்றபோது ஜானகி ஆதி நாகப்பன். இவர்கள் புகழ் பெற்றவர்கள். ஆதலால் இரு பெயர்களும் ஒருவருக்கே உரியன என்பது எளிதில் விளங்கிற்று. அதே அணிவகுப்பில் துப்பாக்கி ஏந்தி நின்ற ஒரு மாரியாயி, மணமாகித் தோட்டம் மாறி, அடையாள அட்டையில் வேறு எழுத்துக்கூட்டல் பெற்று, பேரப்பிள்ளைகளுக்கு வெறும் 'பாட்டி' ஆனபின் அவளை எந்தப் பட்டியலில் தேடுவது?

பதக்கம் கிடைக்குமா என்பது இங்கு முதன்மையான வினாவன்று. அதனை அளித்த அரசு இன்று இல்லை. அவ்வீரர்களுள்ளும் உயிரோடிருப்போர் மிகச் சிலரே. ஆயினும் இன்னார், இந்தத் தோட்டத்தவர், இந்தப் பிரிவில், இன்ன பதவியில், இன்ன களத்தில் நின்றவர் என்று எழுதுவதற்கு எந்த அரசின் ஆணையும் தேவையில்லை. அதற்குரிய முறையை மாணவர்க்குக் கற்பித்தால் போதும். வீரர் குடும்பத்தாரைக் காணும் மாணவன் வழக்கமாகக் கேட்பது, 'தாத்தா நேதாஜியைப் பார்த்திருக்கிறாரா?' என்பது. எல்லாரும் பார்த்ததாகவே விடை வரும். அதனால் பதிவேட்டுக்கு ஆவது ஒன்றுமில்லை. பயிற்சி பெற்றது சிரம்பானிலா சிங்கப்பூரிலா, உடன் சென்ற தோட்டத்துக்காரர் யார், அவர்தம் பிள்ளைகள் இப்போது எங்கே, திரும்பியது நடந்தா கப்பலிலா, எந்த மாதம் என்பனவே கேட்கத் தக்கவை. இரண்டு வீடுகளில் சொன்ன மாதமும் இடமும் ஒத்து வருமாயின், அதுவே உடனிருந்தோர் சான்று ஆகிவிடும். சுவரில் பழைய படம் இருந்தால், வீட்டார் இசைவோடு அதனைச் சட்டத்தினின்றும் மெல்லக் கழற்றிப் பின்புறத்தையும் பார்த்தல் வேண்டும். படம் எடுத்த கடையின் முத்திரையும், பென்சிலால் எழுதிய ஓர் எண்ணோ பெயரோ அங்கே இருக்கக்கூடும்.