ராப் காணொளிகளில் ஒலித்த நீதிக்குரல்

ஹிப்-ஹாப் 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்களிடையே பிறந்தது. அமெரிக்க இசைத் தொலைக்காட்சியான எம்டிவி தன் தொடக்க ஆண்டுகளில் கறுப்பினக் கலைஞர்களுக்கு அரிதாகவே இடமளித்தது. 1988இல் வந்த ‘யோ! எம்டிவி ராப்ஸ்’ நிகழ்ச்சி ஹிப்-ஹாப்பின் ராப் பாடல்களை நாடெங்கும் கொண்டுசென்றது.

1989இல் பப்ளிக் எனிமி குழுவின் ‘ஃபைட் த பவர்’ பாடலை இயக்குநர் ஸ்பைக் லீ புரூக்ளின் தெருக்களில் மக்கள் பேரணியாகவே படமாக்கினார். மால்கம் எக்ஸ் போன்ற கறுப்பின உரிமைத் தலைவர்களின் படங்கள் அதில் உயர்ந்து நின்றன.

2015இல் வந்த ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் ‘ஆல்ரைட்’ காணொளி, காவல்துறை வன்முறையையும் இளைஞர்களின் கொண்டாட்டத்தையும் கறுப்பு வெள்ளைக் காட்சிகளில் அருகருகே வைத்தது; அப்பாடல் போராட்டங்களில் முழக்கமானது. ஹிரோ முராய் இயக்கிய சைல்டிஷ் காம்பினோவின் ‘திஸ் இஸ் அமெரிக்கா’ 2019இல் சிறந்த இசைக் காணொளிக்கான கிராமி விருதை வென்றது.

அநீதியைக் காட்டியதோடு, பாதிக்கப்பட்ட மக்களை ஒன்றாக நிற்கவும் வைத்ததே இக்காணொளிகளின் சாதனை.