போர்க்களத்தில் சரக்குப் பெட்டகம்: வியட்நாமில் கானெக்ஸ் பெட்டியின் கட்டடப் பயன்பாடு

முன்னுரை

சரக்கை ஏற்றிச் செல்லும் பெட்டகமே படைத்தளத்தின் கட்டடமாகவும் மாறியமை, இருபதாம் நூற்றாண்டுப் போர் வரலாற்றில் குறிப்பிடத்தக்க மாற்றமாகும். வியட்நாம் போரில் அமெரிக்கத் தரைப்படை கையாண்ட கானெக்ஸ் பெட்டியை முன்வைத்து, இம்மாற்றத்தின் பயனையும் அதற்குக் கொடுக்கப்பட்ட விலையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கானெக்ஸ் பெட்டியின் தோற்றம்

இரண்டாம் உலகப்போரில் படைச்சரக்குகள் திருட்டாலும் பலமுறை ஏற்றி இறக்கியதாலும் பெரும் இழப்புக்கு உள்ளாயின. இதனைத் தவிர்க்க, 1940களின் இறுதியில் ‘டிரான்ஸ்போர்ட்டர்’ என்னும் எஃகுப் பெட்டி உருவாக்கப்பட்டது. அது 8 அடி 6 அங்குல நீளமும் 6 அடி 3 அங்குல அகலமும் 6 அடி 10 அங்குல உயரமும் கொண்டது. 9,000 பவுண்டு எடையைச் சுமக்க வல்லது. அதன் வழிவந்ததே கானெக்ஸ். 1956இல் மால்கம் மெக்லீனின் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 58 பெட்டகங்களுடன் நியூவர்க்கிலிருந்து புறப்படுவதற்கு முன்னரே கானெக்ஸ் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

வியட்நாமில் கட்டடப் பயன்பாடு

1965இல் படைகள் பெருமளவில் வந்திறங்கியபோது, அவற்றுக்கு ஈடான கிடங்குகளும் கூரையிட்ட இடங்களும் அங்கு இல்லை. எனவே, சரக்கு இறக்கப்பட்ட பெட்டிகள் பண்டகசாலை, மருந்தகம், கட்டளையிடம் எனப் பயன்பட்டன. மணல்மூட்டை அடுக்கப்பட்டுப் பதுங்குகுழிகளாகவும் ஆயின. இப்போரின் வழங்கல் பணியை வழிநடத்திய ஜோசப் ஹைசர், 1974இல் வெளியான தமது நூலில் இப்பயன்பாடுகளைப் பதிவுசெய்துள்ளார். ஏறத்தாழ 2,00,000 பெட்டிகள் புழக்கத்தில் இருந்தும், பெரும்பாலானவை ஒருவழிப் பயணத்தோடு நின்றுவிட்டன என்பது அவர் தரும் செய்தியாகும். கட்டடமாக நிலைபெற்ற ஒவ்வொரு பெட்டியும் போக்குவரத்திலிருந்து நீங்கிய பெட்டியே என்பது இதனால் புலனாகிறது.

பெட்டகத்தின் தாங்குதிறன்

பின்னர் உலகத்தர அளவுபெற்ற 20 அடி, 40 அடிப் பெட்டகங்களும் படைத்தளங்களில் இவ்வாறே பயன்படுகின்றன. இவற்றின் வலிமை நான்கு மூலைத் தூண்களில் அமைந்துள்ளது. கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது மேற்பெட்டகங்களின் எடை அத்தூண்கள் வழியே இறங்குகிறது. நெளிதகட்டுச் சுவரோ ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிப்புடையது, கூரைத்தகடும் மெல்லியதே. ஆகவே, மண்ணுள் புதைத்தால் பக்க அழுத்தத்தால் சுவர் உள்வளையும்; கூரைமேல் நேரடியாக மணல்மூட்டை குவித்தால் தகடு தாழும். சுவரில் வாயில் வெட்டினால் அவ்விடத்தில் சட்டமிட்டு வலுவூட்டுதல் வேண்டும். மெல்லிய தகடு குண்டுச்சிதறலைத் தடுக்கும் அரணும் ஆகாது. எனவே, தனியே தாங்கமைப்புடைய மேற்கவசமும் புற அரணும் இன்றியமையாதன.

முடிவுரை

பெட்டகம் விரைவில் கிடைக்கும் அறையே அன்றி, தன்னளவில் அரண் அன்று. அதனை அரணெனக் கருதுவது உள்ளிருப்போர் உயிருக்குக் கேடாகும். திரும்பிவரும் என எண்ணிய பெட்டிகள் தளத்திலேயே தங்கிவிடுவது வழங்கல் கணக்கையும் குலைக்கிறது. படைத்தளக் கட்டுமானச் செலவை மதிப்பிடுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பதை வியட்நாம் பட்டறிவு உணர்த்துகிறது.