காற்றுக்கு வேலி உண்டா?

பக்கத்து வயல் மாடு நம் பயிரை மேய்ந்தால் வேலி போடலாம். பக்கத்து வயலின் மகரந்தம் காற்றில் வந்து நம் பயிரோடு கலந்தால் என்ன செய்வது? ஐரோப்பிய உழவர்களை இரண்டு பிரிவாக்கிய இந்தக் கேள்வியின் வரலாற்றை இன்று காண்போம்.

மக்காச்சோளத் தண்டைத் துளைத்துத் தின்னும் புழு ஒன்று உண்டு. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சோளத்தில் சேர்த்து, அப்புழுவை எதிர்க்கும் வகையை விஞ்ஞானிகள் உருவாக்கினர். 'மான் 810' என்ற வகைக்கு 1998-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. புழுத் தொல்லை மிகுந்த ஸ்பெயினின் அரகோன், கத்தலோனியா வட்டாரங்களில் உழவர் பலர் இத்தகைய சோளத்தை விரும்பி விதைத்தனர்.

மக்காச்சோளமோ காற்றின் வழியே மகரந்தச் சேர்க்கை பெறும் பயிர். உணவில் தற்செயலாகக் கலந்த மரபணு மாற்றப் பொருள் 0.9 விழுக்காட்டைத் தாண்டினால், அதைப் பொட்டலத்தின் மேல் குறிப்பிட வேண்டும் என்று 2003-இல் சட்டம் பிறந்தது. புதிய விதையைத் தொடாத உழவரும் தம் விளைச்சலுக்குரிய விலையை இழக்க நேரலாம் அல்லவா? இயற்கை வேளாண்மை செய்வோரின் அச்சம் இன்னும் பெரிது.

அதே ஆண்டு ஐரோப்பிய ஆணையம் ஒரு நெறியைப் பரிந்துரைத்தது. ஒரு வட்டாரத்தில் புதிய முறையைப் புகுத்துபவரே கலப்பைத் தடுக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பதே அது. விதிகளை வகுப்பது அந்தந்த நாட்டிடம் விடப்பட்டது. டென்மார்க் 2004-இல் சட்டம் இயற்றி, இழப்பீட்டு நிதி ஒன்றையும் ஏற்படுத்தியது. ஜெர்மனி 2008-இல் வழக்கமான சோளத்திற்கு 150 மீட்டர், இயற்கை முறைச் சோளத்திற்கு 300 மீட்டர் இடைவெளியை விதித்தது.

இந்த இடைவெளியைச் சிறு உழவரின் கண்கொண்டு பாருங்கள். பக்கத்திற்கு 200 மீட்டர் கொண்ட சதுர வயல், ஏறத்தாழ 10 ஏக்கர். ஒரு புறத்தில் எல்லையை ஒட்டியே அண்டை வீட்டாரின் சோளம் நின்றால், புதிய விதைக்கு மிஞ்சுவது கால் பங்கு நிலமே! இரு புறமும் நின்றால் ஒன்றுமில்லை. அண்டை உழவர் எழுத்து மூலம் இசைந்தால் இடைவெளியைத் தளர்த்தலாம் என்ற வழியும் இருந்தது. ஆனால், கலப்புக்குக் காரணமான வயல் எதுவெனத் தெரியாவிட்டால், அதற்குக் காரணமாகியிருக்கக்கூடிய எல்லா வயல்காரர்களும் கூட்டாகப் பொறுப்பேற்க நேர்ந்தது. 'இது மறைமுகத் தடை' என்றனர் ஒரு சாரார். 'சோதனைச் செலவும் கெட்ட பெயரும் எங்களுக்கா?' என்று கேட்டனர் மறு சாரார். ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் 2010-இல் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

இதற்குள், 2009-இலேயே, ஜெர்மனி மான் 810 பயிரிடுவதைத் தடை செய்துவிட்டது. தம் எல்லைக்குள் இத்தகைய பயிர்களை விலக்கிவைக்கும் உரிமையை 2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் உறுப்பு நாடுகளுக்கு வழங்கியது. ஸ்பெயினில் பயிர் தொடர்ந்தது.

இரு சாராரும் கேட்டது ஒன்றே: இடைவெளிக்கான நிலத்தை யார் விடுவது, இழப்பை யார் தாங்குவது? இதற்கு இரு தரப்பும் ஏற்கும் விடை இல்லாத இடத்தில், மீட்டர் கணக்கு மட்டும் அண்டை அயலாரை ஒற்றுமையாக வாழவைக்காது.