சுமைதாங்கியும் சுமப்பவர் நெஞ்சும்

பாலக்காட்டுக் கணவாய் வழியே தலைச்சுமையாகச் சரக்கு போன காலத்துத் துணை, வழியோரச் சுமைதாங்கிக் கல். வயிற்றுச் சுமையோடு இறந்த கர்ப்பிணிகள் நினைவாக நட்டவை பல. மலையாளத்தில் அத்தாணி, ஆதரவு என்றும் பொருள்.

தோளுயரக் கல்லில் சுமையைச் சரித்தால் மறுபடி குனிந்து தூக்க வேண்டாம். மூச்சைப் பிடித்துத் தரையிலிருந்து தூக்கும்போதுதான் ரத்த அழுத்தம் சட்டென ஏறி இதயம் திணறுது. குனிந்து தூக்கும் சிரமத்தை நம் முன்னோர் அனுபவத்தில் கண்டாங்க.

கேரளச் சுமட்டுத் தொழிலாளர் சட்டத்தின் பெயரில் உள்ள ஆண்டு 1978. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே பரிந்துரைத்த 55 கிலோ வரம்புக்கு, 75 கிலோவிலிருந்து இங்கே இறங்கியது 2021 திருத்தத்தில்தான்.

அதற்கு முன்பு ஒருநாள், என் கடையில் மூட்டை இறக்கியவர் நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தார். 'சீக்கிரம் அண்ணே' என்று அவசரப்படுத்தியவன் நான்தான். நல்லவேளை, பிழைத்தார். அந்த வாரமே வாசலில் தோளுயர மேடை கட்டினேன். வியாபாரம் செய்யும் நம்மவர் கடையிலும் ஒன்று இருக்கட்டும்.