அனுப்பர்பாளையமும் கறுத்த பித்தளையும்

திருப்பூர் என்றதும் பனியன்தான் நினைவுக்கு வரும். அதே ஊரில், அவிநாசி சாலையை ஒட்டிய அனுப்பர்பாளையத்திலும் வேலம்பாளையத்திலும் பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரங்கள் இன்றும் பட்டறைகளில் உருவாவது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. அந்தப் பித்தளை சமையலறையை விட்டுப் போனதற்கு அது கறுத்துப்போவதே காரணம் என்கிறார்கள். அது பாதிக் காரணம்கூட இல்லை.

செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை காற்றும் ஈரமும் பட்டால் மங்கும். புளிப்பு தங்கினால் பச்சைக் களிம்பு ஏறும். இது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த சங்கதி. மருந்தும் அடுக்களையிலேயே இருந்தது. புளியின் அமிலம் மங்கலைக் கரைத்தது, சாம்பலும் செங்கல்பொடியும் மிச்சத்தைத் தேய்த்தெடுத்தன. உட்புறத்துக்குத்தான் வெளியாள் தேவைப்பட்டார். ஈயம் பூசுகிறவர் துருத்தியோடு தெருவுக்கு வருவார். பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் வெள்ளீயத்தைப் பஞ்சால் தேய்த்துப் பரப்புவார். பூச்சு தேய்ந்ததும் திரும்பவும் அவர் வரவேண்டும். வீட்டுப் பெண்ணின் கூலியில்லா உழைப்பும் தெருத் தொழிலாளியின் கைத்திறனும் இருந்தவரைதான் பித்தளையில் சமைக்க முடிந்தது. 1980களில் பின்னலாடை ஏற்றுமதி பெருகப் பெருகப் பெண்கள் கம்பெனிகளுக்குப் போனார்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வீடு திரும்புகிறவருக்குப் புளி போட்டுத் தவலை தேய்க்க ஏது நேரம்?

பனியன் கம்பெனியே இல்லாத ஊர்களிலும் பித்தளை போயிற்றே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எவர்சில்வர் எடை குறைவு. சேலம் உருக்காலையும் 1980களின் தொடக்கத்தில் அதற்கான தகட்டைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் எவர்சில்வரும் நிறம் மாறாத உலோகமல்ல. சூடு மிஞ்சினால் நீலமும் மஞ்சளுமாகத் தழும்பு விழும். உப்புத் தண்ணீரில் வெள்ளைத் திட்டு படியும். சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு நொய்யல் ஆற்றங்கரையில் கழிவுநீர் கெடுதல் செய்திருந்தது; அந்தப் பக்கத்து உப்பேறிய கிணற்று நீரைப் புழங்கியவர்களுக்கு இந்தத் திட்டு நன்றாகத் தெரியும். அதற்காக யாரும் எவர்சில்வரைத் தூக்கிப் போடவில்லை. கறையோடு விட்டாலும் அதில் வைத்த குழம்பு கெடாது. பித்தளையை அப்படி விட முடியாது. ஈயம் போன பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் செம்பு உணவில் இறங்கும். ஆக, கறை இரண்டுக்கும் பொது. கவனிக்க ஆளில்லாவிட்டாலும் தாங்கியது ஒன்றுதான்.

உடம்புக்கு ஆகாது என்பதால்தான் பித்தளையை ஒதுக்கினார்கள் என்ற வாதமும் நிற்காது. கெடுதல் பூச்சில்லாத பாத்திரத்தால்தான். பூச்சு போனதற்குப் பராமரிப்பு நின்றதே காரணம்.

இப்போது பித்தளைக்கு மறுபடியும் மவுசு. சீர்வரிசைக்கும் அலங்காரத்துக்கும் என்றால் பளபளப்பு போதும். சமைக்க வாங்குகிறவர்கள் உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா, தேய்ந்தால் பூசித்தர ஆள் உண்டா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.