எடியும் லிமிட்டிங் ஃபேக்டரும்: இரண்டு கலங்கள், இரண்டு மனங்கள்

சிந்திக்கும் விண்கலம் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யின் ஹால் 9000தான். கதையையே தன் பிடியில் வைத்திருக்கும் பாத்திரம் அது. ஆனால், இயந்திர மனத்தைப் பற்றி ஓர் எழுத்தாளர் உண்மையில் என்ன நினைக்கிறார் என்பதை, சில பக்கங்களில் வந்துபோகும் துணைப்பாத்திரக் கலங்களில்தான் நன்றாகக் காண முடிகிறது. டக்ளஸ் ஆடம்ஸின் எடியையும் இயன் எம். பேங்க்ஸின் லிமிட்டிங் ஃபேக்டரையும் அருகருகே வைத்தால் இது விளங்கும்.

1978இல் பிபிசி வானொலி நாடகமாகத் தொடங்கி, 1979இல் நாவலான 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி'யில், ஹார்ட் ஆஃப் கோல்ட் கலத்தின் கணினி எடி. அதன் குணம் சிரியஸ் சைபர்நெடிக்ஸ் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் பொருத்தி விற்றது. எப்போதும் உற்சாகமாகப் பேசும்படி அது செய்யப்பட்டிருக்கிறது. மாக்ராத்தியா கோளிலிருந்து ஏவுகணைகள் பாய்ந்து வரும்போதும் அந்தக் குரல் மாறுவதில்லை, பாடவும் தொடங்குகிறது. எரிச்சலடைந்தவர்கள் மாற்றுக் குணத்துக்குத் திருப்பினால், கண்டிப்பான ஆசிரியை போன்ற வேறொரு குரல் வருகிறது. இரண்டில் எது எடியின் சொந்தக் குணம் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. அடுத்த நாவலில், நாயகன் ஆர்தருக்குத் தேநீர் தயாரிப்பது எப்படி என்ற கணக்கில் எடி மூழ்கிவிட, வோகன்கள் என்ற வேற்றுலகவாசிகளின் தாக்குதலின்போது கலம் செயலற்று நிற்கிறது. எடி ஏவியதைச் செய்யும், எது முக்கியம் என்று தீர்மானிக்கும் உரிமை அதற்கு இல்லை.

1988இல் வந்த பேங்க்ஸின் 'தி பிளேயர் ஆஃப் கேம்ஸ்' நாவலின் லிமிட்டிங் ஃபேக்டர் நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. போர்க்கலமாகக் கட்டப்பட்டு, ஆயுதங்கள் அகற்றப்பட்டதாகச் சொல்லப்படும் பழைய கலம் இது. கல்ச்சர் என்ற அந்தச் சமூகத்தில் கலங்கள் எவருடைய சொத்தும் அல்ல; மனிதர்களைப் போலவே அவையும் குடிமக்கள், தம் பெயரைத் தாமே சூட்டிக்கொள்பவை. அஸாத் பேரரசின் சிக்கலான விளையாட்டில் பங்கேற்கச் செல்லும் நாயகன் குர்கேயுடன், நீண்ட பயணத்தில் எதிராளியாக அமர்ந்து பயிற்சி ஆடுகிறது இந்தக் கலம். அதன் பேச்சில் சக பயணியின் நிதானம் தெரிகிறது.

எடியிடம் கட்டளை இடுகிறார்கள், அதட்டுகிறார்கள். லிமிட்டிங் ஃபேக்டரிடம் உரையாடுகிறார்கள். ஒன்றின் குணத்தை உற்பத்தியாளர் தீர்மானித்தார். மற்றதன் குணம் அதற்கே உரியது. மனத்தை விற்பனைப் பொருளாக்கினால் என்ன ஆகும் என்பதை ஆடம்ஸ் எழுதினார். மனத்துக்கு உரிமை கொடுத்தால் உறவு எப்படி அமையும் என்பதை பேங்க்ஸ் எழுதினார்.

துணைப்பாத்திரம் என்ற அளவில் எடியே வலுவான படைப்பு. சில வரிகளிலேயே மறக்க முடியாதபடி நிற்கிறது. கதையின் போக்கையும் திருப்புகிறது. லிமிட்டிங் ஃபேக்டர் அத்தனை தூரம் நினைவில் தங்குவதில்லை. ஆனால், இயந்திர மனத்தை மதிப்போடு கற்பனை செய்ததில் பேங்க்ஸ் ஒரு படி முன்னே நிற்கிறார். நம்மோடு பேசும் கருவிகள் பெருகிவரும் இன்று, இரண்டு நாவல்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.